கோப்பு காணவில்லை என்னும் பிழைச்செய்தியின் வரலாறு

கோப்பு காணவில்லை என்னும் பிழைச்செய்தி, மென்பொருள் உருவாக்கக் கருவிகள் தமக்குத் தேவையான ஒரு கோப்பைத் தேடி, அது கிடைக்காதபோது காட்டும் அறிவிப்பு ஆகும். நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பிழைகளுள் இது ஒன்று. பல ஆண்டு அனுபவமுள்ள நிரலாளரையும் இது அரைநாள் அலைக்கழிப்பது உண்டு. கோப்பு கண்ணெதிரே திரையில் இருக்கும். கருவியோ இல்லை என்று சாதிக்கும்.

காணவில்லை என்பதற்கு, அந்தக் கோப்பு கணினியில் எங்குமே இல்லை என்பது பொருள் அன்று. தேடிய இடத்தில், தேடிய பெயரில் இல்லை என்பதே பொருள். ஆனால் எங்கே தேடியது, எந்தப் பெயரில் தேடியது என்பதை எல்லாக் கருவிகளும் சொல்வதில்லை. ஆகவே இப்பிழையின் வரலாறு, கணினி ஒரு பொருளை எங்கே தேட வேண்டும் என்று மனிதர்கள் வகுத்த விதிகளின் வரலாறாகவும் இருக்கிறது.

அலமாரியில் இருந்த நிரலகம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்கீடுகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதாமல், ஒருமுறை எழுதியதைப் பலரும் பயன்படுத்தும் துணைநிரல் முறை அங்கே வளர்ந்தது. டேவிட் வீலர் இதில் முக்கியப் பங்காற்றினார். துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாக ஓர் எஃகு அலமாரியில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. நிரலாளர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, அதிலுள்ள துளைகளைத் தம் நிரலின் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொள்வார். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி எழுதிய நூல் 1951 இல் வெளிவந்தது.

இந்த ஏற்பாட்டில் தேடுபவர் மனிதர். நாடா இழுப்பறையில் இல்லையென்றால் அது அவருக்கே தெரியும். எந்த இழுப்பறையில் பார்த்தோம் என்பதும் தெரியும். அடுத்த சில ஆண்டுகளில் இந்த வேலை இயந்திரத்துக்குக் கைமாறியது. கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக உருவாக்கிய ஏ-0 என்னும் தொகுப்பி, காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களை அவற்றின் அழைப்பு எண்களைக் கொண்டு தானே தேடி எடுத்து இணைத்தது. தேடுவது இயந்திரம் என்றானபின், கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டிய பொறுப்பும் இயந்திரத்துக்கு வந்தது.

மரவடிவமும் எண் 2-ம்

அடைவுக்குள் அடைவு என மரக்கிளைகள்போல் கோப்புகளை அடுக்கும் முறையை மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் ஆகிய இருவரும் 1965 இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். மல்டிக்ஸ் திட்டத்தில் பங்கேற்ற பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகிய பிறகு, அங்கே பணியாற்றிய கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969 இல் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அடைவுகளின் மரவடிவத்தை யூனிக்ஸும் கைக்கொண்டது.

யூனிக்ஸில் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் எண் உண்டு. 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' எனப் பொருள்படும் பிழைக்கு எண் 2. லினக்ஸும் இதே எண்ணைப் பின்பற்றுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் இயங்குதளத்திலும் அதன் வழிவந்த விண்டோஸிலும்கூடக் கோப்பு இல்லாமைக்கு எண் 2 தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டாஸ், விண்டோஸ் ஆகியவை கோப்பு இல்லாதபோது 2 என்றும், கோப்புக்குச் செல்லும் பாதையில் உள்ள அடைவே இல்லாதபோது 3 என்றும் பிரித்துச் சொல்கின்றன. யூனிக்ஸ் இரண்டையும் ஒரே செய்தியில் அடக்கிவிடுகிறது. 'கோப்போ அடைவோ' என்பதில் உள்ள அந்த ஓகாரத்தைக் கவனிக்காமல், இருக்கும் கோப்பின் பெயரையே திரும்பத் திரும்பச் சரிபார்த்து நேரம் இழப்போர் பலர். பிழை பல சமயம் இடையிலுள்ள ஓர் அடைவின் பெயரில் இருக்கும்.

தேடும் பாதை

பயனர் ஒரு கட்டளையின் பெயரை மட்டும் தட்டச்சு செய்கிறார். அந்தப் பெயருள்ள நிரல் எந்த அடைவில் உள்ளது என்று கணினி எப்படி அறியும்? தொடக்கக் கால யூனிக்ஸில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் தேடப்பட்டது. 1979 இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல்லுடன் பாத் என்னும் சூழல் மாறி இடம்பெற்றது. தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலே அந்த மாறியின் மதிப்பு. பட்டியலில் உள்ள வரிசையில் தேடல் நடக்கும். முதலில் அகப்படுவது இயங்கும்.

இந்த எளிய ஏற்பாடு பல கருவிகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. ஜாவா மொழிக்குக் கிளாஸ்பாத், பைத்தான் மொழிக்கு அதன் தேடல் பட்டியல், லினக்ஸில் பகிர்வு நிரலகங்களுக்குத் தனிப் பட்டியல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை உருவானது. சி மொழியில் தலைப்புக் கோப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், கம்பைலர் வழக்கமாக மூலநிரல் உள்ள அடைவில் முதலில் தேடும். கோணக்குறிகளுக்குள் எழுதினால் கணினியின் பொது அடைவுகளில் மட்டும் தேடும். ஒரு குறியீட்டு மாற்றத்தில் தேடும் இடமே மாறிவிடுகிறது.

மாணவர்களைத் தடுமாறவைக்கும் வழக்கம் ஒன்றும் இதில் உண்டு. தாம் நிற்கும் அடைவிலேயே இருக்கும் நிரலை விண்டோஸ் கட்டளைத்திரை பெயரைச் சொன்னதும் இயக்கும். லினக்ஸ் இயக்காது. நடப்பு அடைவு வழக்கமாக அதன் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. பெயருக்குமுன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும். யாரோ ஓர் அடைவில் வைத்துவிட்டுப் போன போலி நிரல், உண்மையான கட்டளையின் பெயரில் தவறுதலாக இயங்கிவிடக் கூடாது என்பதே இதற்குக் காரணம்.

மேக் என்னும் கருவி

நிரல்கள் பெரியவையாகிப் பல கோப்புகளாகப் பிரிந்தபோது, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை நினைவில் வைப்பது கடினமாயிற்று. பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் உருவாக்கிய மேக் கருவி இதற்குத் தீர்வாக வந்தது. பிழையைத் திருத்திய பிறகும் அந்தக் கோப்பை மீண்டும் தொகுக்க மறந்துவிட்டு, சரியான நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கிய ஸ்டீவ் ஜான்சனின் அனுபவமே இதற்குத் தூண்டுதல் என்று ஃபெல்ட்மன் கூறியிருக்கிறார்.

சார்புகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் மேக் அதைப் படித்து வேண்டியதை மட்டும் தொகுக்கும். தேவையான கோப்பு இல்லையென்றால், அதை உருவாக்கும் விதி உண்டா என்று பார்க்கும். விதியும் இல்லாதபோதே பிழை காட்டி நிற்கும். ஆகவே மேக் காட்டும் செய்தி, கோப்பு இல்லை என்பதோடு அதை எப்படி உருவாக்குவது என்றும் தெரியவில்லை என்னும் இரண்டு தகவல்களைத் தருகிறது.

டிஎல்எல் சிக்கல்

விண்டோஸில் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகக் கோப்புகள் டிஎல்எல் எனப்படுகின்றன. வட்டும் நினைவகமும் அரிதாக இருந்த காலத்தில் இப்பகிர்வு பெரிய சிக்கனம். ஆனால் புதிதாக நிறுவப்படும் மென்பொருள், பொது அடைவில் இருந்த நிரலகத்தின்மேல் வேறு பதிப்பை எழுதிவிடும். ஒன்றை நீக்கும்போது மற்றொன்றுக்குத் தேவையானதும் சேர்ந்து நீங்கும். நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று கோப்பு காணவில்லை என்று நின்றுவிடும். நிரலாளர்கள் இதை டிஎல்எல் நரகம் என்றே அழைத்தனர்.

முக்கியக் கோப்புகள் மாற்றப்பட்டால் அவற்றைத் தானாக மீட்கும் வசதி விண்டோஸ் 2000 இல் சேர்க்கப்பட்டது. ஒரே நிரலகத்தின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளும் முறை 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் விரிவடைந்தது. வட்டு மலிவானபின், தேவையான நிரலகங்களை ஒவ்வொரு மென்பொருளும் தன்னுடனேயே கொண்டுவரும் வழக்கமும் பரவியது.

லெஃப்ட்-பேட் நிகழ்வு

இணையம் பரவியபின் நிரலகங்கள் உலகப் பொதுக் களஞ்சியங்களுக்கு இடம்பெயர்ந்தன. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் களஞ்சியம் 2010 இல் தொடங்கியது. எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை வெற்றிடமோ பிற குறியோ கொண்டு நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் சிறு நிரலகமும் அதில் இருந்தது. அதன் நிரல் ஏறத்தாழ 11 வரிகள்.

அதை எழுதிய அசெர் கொச்சுலு, வேறொரு நிரலகத்தின் பெயர் குறித்து எழுந்த பிணக்கில் அக்களஞ்சியத்தின் முடிவை ஏற்காமல், 2016 மார்ச் 22 அன்று தம் நிரலகங்கள் அனைத்தையும் நீக்கிக்கொண்டார். அடுத்த நிமிடங்களில் பல நிறுவனங்களின் தொகுப்புப் பணிகள் பிழையுடன் நின்றன. அவர்களுள் பலர் லெஃப்ட்-பேட் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் பயன்படுத்திய பேபல் போன்ற கருவிகள் சார்ந்திருந்தவற்றுள் ஒன்று அதைச் சார்ந்திருந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் களஞ்சியம் அதை மீட்டு வைத்தது. பின்னர், வெளியிட்டவற்றை விருப்பம்போல் நீக்க முடியாதபடி விதிகளும் மாற்றப்பட்டன.

தன் கணினியின் அடைவுகளை நிரலாளர் தாமே சரிபார்க்கலாம். எங்கோ ஒருவர் பராமரிக்கும் கோப்பின் மீது அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. அந்த உண்மையை இந்நிகழ்வு ஒரே நாளில் உணர்த்தியது. சார்புகளின் பதிப்புகளைப் பூட்டிவைப்பதும் படிகளைத் தம்மிடமே சேமிப்பதும் அதன்பின் கூடுதல் கவனம் பெற்றன.

இருந்தும் கிடைக்காத கோப்புகள்

கோப்பு உரிய இடத்திலேயே இருந்தும் இப்பிழை தோன்றும் சூழல்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை பின்வருவன.

விண்டோஸ் 95 முதல், அறிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டு இயல்பாக மறைக்கப்படுகிறது. நோட்பேடில் எழுதிச் சேமித்த சி நிரலின் பெயர் திரையில் சரியாகத் தோன்றினாலும், அதன் இறுதியில் உரைக்கோப்புக்கான பின்னொட்டு ஒளிந்திருக்கலாம்.

விண்டோஸும் மாக் கணினிகளும் இயல்பான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பெயரில் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். சொந்தக் கணினியில் ஓடிய நிரல் லினக்ஸ் வழங்கியில் நிற்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

நிரலின் முதல் வரியில் அதை இயக்கும் மொழிபெயர்ப்பியின் பாதையை எழுதும் வசதியை டென்னிஸ் ரிட்சி 1980 இல் யூனிக்ஸில் சேர்த்தார். விண்டோஸில் எழுதிய கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று இருக்கும். லினக்ஸ் அதையும் பாதையின் பகுதியாகக் கொண்டு, அப்படியொரு மொழிபெயர்ப்பி இல்லை என்று முடிவுசெய்யும். சில ஷெல்கள் அப்போது இருக்கும் நிரலின் பெயரையே சொல்லி, அது காணவில்லை என்கின்றன.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. யுனிகோடில் 'கொடி' என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு வகையாகக் குறிக்கலாம். ககரத்தின்பின் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கோ அவை இரு வேறு பெயர்கள். மாக் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அதனால் கணினி மாறும்போது தமிழ்க் கோப்புகள் காணாமற்போவது நேர்ந்தது. கிட் மென்பொருளில் 2012 இல் இதற்கெனத் தனி அமைப்பு சேர்க்கப்பட்டது. 2017 இல் வந்த ஏபிஎஃப்எஸ் பெயரை எழுதியபடியே வைத்துக்கொள்கிறது.

தேடிய இடத்தைக் காட்டும் கருவிகள்

செய்தி சொல்லாமல் விட்டதைக் கண்டறியக் கருவிகள் உருவாயின. லினக்ஸில் எஸ்டிரேஸ், ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அதற்குக் கிடைத்த விடையையும் வரிசையாகக் காட்டும். விண்டோஸில் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோர் உருவாக்கிய பிராசஸ் மானிட்டர் அதே பணியைச் செய்கிறது. சி கம்பைலரான ஜிசிசியிடம் விரிவான வெளியீடு கேட்டால், தலைப்புக் கோப்புகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலைத் தரும். பைத்தான் 2012 இல் கோப்பு இல்லாமைக்கும், 2016 இல் நிரற்கூறு இல்லாமைக்கும் தனித்தனிப் பிழைப்பெயர்களைத் தந்தது.

இக்கருவிகள் இல்லாமலும் இப்பிழையின் பெரும்பகுதியைத் தீர்க்கலாம். செய்தியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பது, நிரல் எந்த அடைவில் நின்று இயங்குகிறது என்று பார்ப்பது, முழுப்பாதையை எழுதிச் சோதிப்பது என்னும் வரிசை பெரும்பாலும் போதும். இம்மூன்றையும் செய்யாமல் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுவதில் மாணவர்கள் பல மணி நேரம் செலவிடுகின்றனர். நிறுவியபின்னும் நிரல் அதே தவறான இடத்திலேயே தேடும். அதே செய்தியே திரும்ப வரும். கேம்பிரிட்ஜின் அலமாரிமுன் நின்றவருக்குத் தாம் திறந்த இழுப்பறை எது என்று தெரிந்திருந்தது. கணினி திறந்த இழுப்பறையைக் கேட்டறிவதே இப்பிழையைத் தீர்ப்பதன் முதற்படி ஆகும்.