சொன்னவர் யார்?

ஒரு செய்தி நம்மிடம் வந்து சேரும்போது முதலில் எழ வேண்டிய வினா, “இதைச் சொன்னவர் யார்?” என்பதே. ஹதீஸ் கலையின் அடித்தளமே இவ்வினாதான். அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த அறிவிப்பை அறிஞர்கள் பலவீனமானதாகக் கருதினர். அறிவிப்பாளர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவதற்கென்றே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ‘தாரீகுல் கபீர்’ என்னும் பெருநூலைத் தொகுத்தார்கள். இதழியலும் தனக்குரிய வழியில் இதே வினாவைக் கேட்டு வளர்ந்த துறைதான்.

1690 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் ஒரு செய்தித்தாளை வெளியிட்டார். பிழை தெரியவந்தால் அடுத்த இதழில் திருத்துவதாகவும், வேண்டுமென்றே பொய் பரப்பியவரின் பெயரை வெளிப்படுத்துவதாகவும் அதில் வாக்களித்தார். அனுமதியின்றி அச்சிட்டதால் ஆட்சியாளர்கள் அதை முதல் இதழோடு நிறுத்திவிட்டனர். ஆயினும் அந்த எண்ணம் அழியவில்லை. 1923ஆம் ஆண்டு அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர்கள் சங்கம் வகுத்த நெறிமுறைகளில் உண்மை, துல்லியம், நடுநிலை ஆகியவற்றோடு, தவறை உடனே முழுமையாகத் திருத்துவதும் கடமையாக இடம்பெற்றது.

எல்லா இதழ்களும் இந்நெறியைக் காத்தன என்று கூற இயலாது. எனினும், தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அவருக்கு ஒரு முகவரி இருந்தது.

இணையம் இந்த நிலையை மாற்றியது. 1998 ஜனவரியில், அமெரிக்க அதிபர் கிளிண்டனைப் பற்றிய ஒரு செய்தியை இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று ‘நியூஸ்வீக்’ வார இதழ் நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்த அந்தச் செய்தியையே மேட் டிரட்ஜ் என்பவர் தமது இணையதளத்தில் ஜனவரி 17 அன்று வெளியிட்டுவிட்டார். செய்தி பின்னர் உண்மையென்று தெரிந்தது. ஆனால் அதிலிருந்து பலர் கற்ற பாடம் ஆபத்தானது: பொறுத்திருந்தவர் பின்தங்கினார், முந்தியவர் புகழ்பெற்றார்.

அந்த அவசரம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பின் இலங்கை கண்டது. 2018 பிப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று ஒருவர் குற்றஞ்சாட்டினார். சூழ்ந்து நின்றவர்களின் மிரட்டலுக்கு நடுவே, சிங்களம் சரிவர அறியாத ஊழியர் தடுமாறி ஆமோதித்தார். அந்தக் காணொளி கைப்பேசிகளில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் அறிவித்தபோது காலம் கடந்திருந்தது.

அதற்குள் மார்ச் தொடக்கத்தில், வேறொரு மரணத்தைக் காரணம் காட்டி, கண்டி மாவட்டத்தின் திகன பகுதியிலும் வன்முறை மூண்டது. வெறுப்புப் பதிவுகள் அதற்கு எண்ணெய் வார்த்தன. அரசு அவசரநிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த வீடுகளுக்கு அம்மன்னிப்பு என்ன ஈடு?

ஒரு செய்தியாளர் அன்று செய்திருக்க வேண்டியவை மிக எளியவை: ஊழியரின் மொழியில் அவரிடம் கேட்பது, அத்தகைய மாத்திரை உண்டா என மருத்துவரிடம் வினவுவது, ஆய்வு முடிவு வரும்வரை காத்திருப்பது. காணொளியைப் பகிர்ந்தவர்களுள் எத்தனை பேர் இவற்றைச் செய்திருப்பர்?

அன்று பொய்யால் காயமுற்றவர்கள் நாம். ஆனால் நம் குடும்பக் குழுமங்களிலும் ஊர்க் குழுமங்களிலும் நாள்தோறும் என்ன நடக்கிறது? “வந்தது, அனுப்பினேன்” என்கிறோம். வாட்ஸ்அப்பில் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறிப்பு தோன்றுகிறது. யார் முதலில் சொன்னார் என்பது தோன்றுவதில்லை. பெயரில்லாத அந்தத் தொடரில் அடுத்த கண்ணியாக நம் பெயரை நாமே சேர்த்துக்கொள்கிறோம்.

முன்பு ஆசிரியரின் மேசையில் இருந்த பொறுப்பு இன்று ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் இருக்கிறது. பகிரும் முன் ஒரு கணம் விரலை நிறுத்திக் கேட்போம்: இதைச் சொன்னவர் யார்? விடை தெரியாதெனில், அச்செய்தி நம்மோடு நிற்கட்டும்.