விறகடுப்பும் நுண்ணலை அடுப்பும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசரின் வரலாற்றையும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வந்து போன வரலாற்றையும் நாம் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். யாழ்ப்பாணக் கோட்டைக்கு எத்தனை மூலைகள் என்று எவரேனும் கேட்டால், ஐந்து என்று தயங்காமல் விடை கூறுவோம். ஆனால், அக்கோட்டையின் உள்ளும் புறமும் வாழ்ந்த மக்களுக்குச் சோறாக்கிக் கொடுத்த அடுப்பின் வரலாற்றை நம்மிடம் எவரும் வினாவியதில்லை. நாமும் அதனைச் சிந்தித்ததில்லை. அரண்மனைக்கு வரலாறு உண்டாயின் அடுப்படிக்கும் வரலாறு உண்டன்றோ? இன்று நம்மூர் வீடுகள் பலவற்றில் மேசைமீது அமர்ந்திருக்கும் நுண்ணலை அடுப்பை, மக்கள் வழக்கில் 'மைக்றோவேவ்' எனப்படுவதனை, முன்வைத்து அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் குடாநாட்டிலே பெருங்காடுகள் இல்லை. ஆகவே நமக்கு உணவளித்த பனையும் தென்னையுமே எரிபொருளும் அளித்தன. கங்குமட்டை, பாளை, பன்னாடை, பொச்சுமட்டை, ஊமல் என்று மரத்திலிருந்து விழுந்த எதுவும் வீண்போகவில்லை. புகைக்கு அஞ்சிக் குசினியை வீட்டுக்குப் புறம்பாகக் கட்டினார்கள். வீடு புகையிலிருந்து தப்பியது. குசினிக்குள் நின்ற பெண்ணோ தப்பவில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டுவதோடு அவள் வேலை முடிந்ததுமில்லை. தோட்டத்திலிருந்தோ கடையிலிருந்தோ வீட்டுக்காரர் இரவு பிந்தி வருவார். அவருக்காகத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, குழம்பை மீண்டும் சூடாக்கிக் கொடுத்து, அவர் உண்டபின் தான் உண்பாள். சமைக்கும் நேரத்தைப் போலவே காத்திருக்கும் நேரமும் நீண்டது. பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதன்பின் வாயு அடுப்பு வந்தது. புகை குறைந்தது. காத்திருப்புக் குறையவில்லை.

இந்தக் காத்திருப்பைத் தொட்ட கருவி, சமையலை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அது போரிலே பிறந்தது. 1940ஆம் ஆண்டிலே, இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் றண்டல், ஹரி பூட் என்னும் இருவர் மக்னெற்றோன் என்ற கருவியைப் புதுமுறையில் அமைத்தனர். முன்னையவற்றினும் மிகுந்த வலுவோடு நுண்ணலைகளை அது பிறப்பித்தது. பகைவரின் விமானங்களையும் நீர்மூழ்கிக் கப்பல்களையும் கண்டறியும் றேடாருக்கு அதுவே உயிராயிற்று. அவ்வாண்டே அதன் இரகசியம் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அங்கே றேதியன் என்னும் நிறுவனத்தில் மக்னெற்றோன் செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தவர் பேர்சி ஸ்பென்சர். இளமையிலே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையிலே விட்டு, ஆலையிலே வேலைக்குச் சேர்ந்து, தாமாகவே மின்னியல் கற்றவர் அவர். 1945இல், இயங்கிக்கொண்டிருந்த மக்னெற்றோனுக்கு அருகில் அவர் நின்றபோது, சட்டைப்பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகியது என்பர். இதனை வேறொருவர் கண்டிருந்தால் சட்டை பழுதாயிற்றே என்று வருந்தியிருப்பார். ஸ்பென்சரோ காரணத்தைத் தேடினார். சோளத்தை வைத்துப் பொரியச் செய்தார். அவ்வாண்டே காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1950இல் உரிமை கிடைத்தது. 1947இல் விற்பனைக்கு வந்த முதற் கருவி ஏறக்குறைய 6 அடி உயரமும் 750 இறாத்தல் நிறையும் உடையது. அதனைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயும் வேண்டியிருந்தது. 1955இல் தப்பன் நிறுவனம் வீடுகளுக்கென வெளியிட்டதன் விலை 1,295 டொலர். 1967இல் அமானா நிறுவனம் 495 டொலருக்கு மேசைமீது வைக்கத்தக்க சிறு பெட்டியை விற்றபோதே அது சாதாரண குடும்பங்களை நாடத் தொடங்கிற்று.

இப்பெட்டிக்குள் நெருப்பு இல்லை. நீரின் மூலக்கூறு ஒரு முனையில் நேரேற்றமும் மறுமுனையில் மறையேற்றமும் உடையது. பெட்டிக்குள் பாயும் அலையின் மின்புலம் செக்கனுக்கு 245 கோடி தடவை மாறி மாறி அலைய, அதனோடு திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதனாலே உணவு சூடேறுகின்றது. கண்ணாடியும் பீங்கானும் அலையை உள்ளே விடும். உலோகம் அதனைத் திருப்பிவிடும். உணவு உள்ளிருந்து வெளியே வேகின்றது என்று சிலர் கூறுவது தவறு. அலை இரண்டொரு சென்ரிமீற்றர் ஆழமே நன்கு புகும். மிகுதிக்கு வெப்பம் மெல்லப் பரவவேண்டும். ஆதலால் இடையிலே கிளறிவிடுவது நன்று. உணவு நஞ்சாகிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். எக்ஸ்-கதிரைப் போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் இவ்வலைக்கில்லை. கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும், உணவிலே தங்காது.

போர் உலகுக்கு இக்கருவியை ஈந்தது. நம் குடாநாடும் போரைக் கண்டது. நமக்கு அது எதனை ஈந்தது? 1990இல் மீண்டும் போர் மூண்டபோது, தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்குந் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எமது அம்மம்மா கொண்டுபோனவற்றுள் ஒரு சோற்றுப் பானையும் இருந்தது. அடுப்பைக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோக வேண்டியதுமில்லை. சாவகச்சேரிப் பக்கத்திலே ஒரு மாமரத்தின் கீழ் மூன்று கற்களை வைத்தார், அடுப்பாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயரழுத்த மின்கம்பி வந்து, குடாநாடு நாட்டின் மின்வலையோடு மீண்டும் இணைந்தது. இடையில் கழிந்தவை இருபத்துமூன்று ஆண்டுகள். அடுத்த ஆண்டே கனடாவிலுள்ள எமது மாமா கப்பலில் அனுப்பிய பொருள்களோடு ஒரு நுண்ணலை அடுப்பும் வந்து சேர்ந்தது. அயலவர் நால்வர் கூடிநிற்க அதனை மின்னோடு இணைத்தோம். 'டப்' என்றொரு சத்தம், கரிந்த மணம், வீடு இருண்டது. கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நமது மின்னழுத்தம் 230 வோல்ற்று என்பதனை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பௌதிகம் படிப்பித்த அயலவர் ஒருவரும் அங்கே நின்றார் என்பதையும் சொல்லவேண்டும்! பின்பு நகரத்துக் கடையொன்றில் வேறொன்று வாங்கினோம். அம்மம்மா பழையதை எறிய விடவில்லை. "கதவு இறுக்கமாப் பூட்டுது, எறும்பு ஏறாது" என்று முறுக்கையும் பயற்றம் பணியாரத்தையும் அதற்குள் வைத்தார். அன்றுமுதல் எமது வீட்டில் 'கனடாப் பெட்டி' பலகாரத்துக்கும், மற்றது சோற்றுக்குமாயின.

அச்சோற்றுப் பெட்டி என்ன செய்தது? புட்டு அவிக்கவில்லை, அதனை இன்றும் நீத்துப்பெட்டியே செய்கின்றது. தைப்பொங்கலன்று முற்றத்தில் பால் பொங்கவைக்கவில்லை. அதற்கு மூன்று கல்லும் நெருப்பும் வேண்டும். முட்டையைக் கோதோடு வைத்து வெடிக்கவிட்டது யாமே, அரைநாள் துடைத்தோம். அது செய்ததெல்லாம் ஆறிய சோற்றையும் கறியையும் 2 நிமிடத்திற் சூடாக்கியதே. அதற்கு ஆகும் மின்சாரம், 1,200 வாற்றுப் பெட்டியாயின், ஓர் அலகின் இருபத்தைந்திலொரு பங்கு. ஆனால், அந்த 2 நிமிடத்தாலே எமது வீட்டில் ஒன்று மாறிற்று. அப்பா கடை பூட்டி இரவு பத்தரைக்கு வருவார். முன்பெல்லாம், விடியப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகவேண்டிய அம்மா, கதிரையிலே தூங்கி விழுந்தபடி காத்திருப்பார். இப்போது அப்பா தாமே கோப்பையை உள்ளே வைத்துத் தாமே எடுத்து உண்கிறார். அம்மா ஒன்பதரைக்கு நித்திரைக்குப் போகிறார். அம்மம்மா ஒருநாள் இதனைப் பார்த்து, "எங்கட காலத்திலயும் அவையளுக்குக் கை இருந்ததுதானே" என்றார். அப்பா சிரித்தார், யாம் சிரிக்கவில்லை.

அம்மம்மாவின் அவ்வொரு வார்த்தை யாம் படித்த பல நூல்களினும் கூர்மையானது. தணலை மூடிவைத்த நாளிலும் அதனை ஊதிக் குழம்பைச் சூடாக்குவது ஆடவரால் ஆகாத காரியமன்று. அவர்கள் செய்யவில்லை; அவ்வளவே. கருவி வந்து ஒரு சாட்டை அகற்றியது. நீதியைப் புதிதாகக் கொண்டுவரவில்லை. பொத்தானை அமர்த்தும் வேலையும் பெண்ணுக்கே என்று விடப்பட்ட வீட்டில், பெட்டி மேசைமீது இருந்தும் காத்திருப்பு அப்படியே இருக்கும்.

2022இல் வேறொரு பாடமுங் கற்றோம். நாட்டின் பொருளாதாரம் சரிந்து, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. வாயுச் சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். எமது வீட்டுச் சோற்றுப் பெட்டியும் பலகாரப் பெட்டிபோல வாளாவிருந்தது. அம்மம்மா கோடிப்புறத்தில் மூன்று கற்களை மீண்டும் வைத்தார். கங்குமட்டை பொறுக்கி வந்தவரும், கண்ணீர் வழிய ஊதி நெருப்பு மூட்டப் பழகியவரும் இம்முறை அப்பாவும் யாமுமே. முதல் நாட் சோறு அடிப்பிடித்தது. அதனையும் உண்டோம்.

ஆகவே, இளைஞர்களே, பழைய அடுப்பை இகழவும் வேண்டாம். புதிய பெட்டிக்கு அஞ்சவும் வேண்டாம். மின்சாரம் வந்தும் போயும் இருப்பது நம் வரலாறு காட்டிய உண்மை; மூன்று கல்லை அடுக்கவும் அறிந்திருப்போம். ஆனால், எந்த அடுப்பாயினும் அதன் முன்னே நிற்பவர் யார், காத்திருப்பவர் யார் என்ற வினாவை மறவாதிருப்போம். இன்றிரவு நாம் பிந்தி வீடு செல்வோமாயின், நமது சோற்றை நாமே சூடாக்கி, உண்ட கோப்பையையும் நாமே கழுவி வைப்போம். அம்மா நித்திரை கொள்ளட்டும்.