வீட்டை அளந்த வரிச்சலுகை: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தில் 80-ஐபிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மலிவு விலை வீட்டுத் திட்டத்தில் கட்டுமான நிறுவனம் ஈட்டும் இலாபம் முழுவதற்கும் அப்பிரிவு விலக்கு அளித்தது. காலக்கெடு பலமுறை நீண்டு, 31.3.2022 வரை அனுமதி பெற்ற திட்டங்கள் பயனடைந்தன. ‘அனைவருக்கும் வீடு’ என்ற இலக்கோடு சேர்த்துப் பேசப்பட்ட சலுகை இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் அதன் நிபந்தனைகளைப் பொருத்திப் பார்த்தால், சட்டம் கட்டடத்தை அளந்துவிட்டுக் குடியேறுபவரைக் கணக்கில் கொள்ளாமல் விட்டது தெரியும்.

முதலில் எல்லைக் கோடு. தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிலும், அவற்றின் எல்லையிலிருந்து 25 கி.மீ. தொலைவு வரையிலும் வீட்டின் அளவு 30 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. பிற இடங்களில் 60 வரை கட்டலாம். 2017இல் அந்த 25 கி.மீ. விதி நீக்கப்பட்டது. அம்பத்தூர் 2011இலேயே சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால் அங்கே 30 சதுர மீட்டர் வரம்பு தொடர்ந்தது. அதை ஒட்டிய திருமுல்லைவாயிலோ ஆவடியைச் சேர்ந்தது. அங்கு வரம்பு இரட்டிப்பானது. 30 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 323 சதுர அடி. சமையலறை, கழிவறை போக மிஞ்சுவது ஓர் அறைதான். 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் அதன் தொழிலாளர் குடும்பம் வாழத்தக்க வீட்டை எழுப்புவதற்கு அல்லாமல், பேட்டையைத் தாண்டி வெளியே போவதற்கே சட்டம் ஊக்கம் தந்தது. நிலத்தைப் பார்க்காமல் நிர்வாக வரைபடத்தை மட்டும் பார்த்து எழுதிய விதியின் விளைவு இது என்பது என் கருத்து.

1.9.2019 முதல் அனுமதி பெற்ற திட்டங்களுக்குச் சென்னையிலும் வீட்டின் உட்பரப்பு (கார்பெட் ஏரியா) வரம்பு 60 சதுர மீட்டராக உயர்ந்தது. கூடவே, முத்திரைத்தாள் மதிப்பு 45 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பும் வந்தது. இந்தத் தொகை யாருக்கு மலிவு? வீட்டு விலையில் 80 விழுக்காடு, அதாவது 36 லட்சம், 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகக் கிடைத்தால் மாதத் தவணை சுமார் 32,400 ரூபாய். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கணக்கில் குறைந்த வருவாய்ப் பிரிவின் உச்சவரம்பு ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000. சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவணைக்கே போய்விட்டால் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குட்பட்டவர்களைப் பற்றிப் பேசவே இடமில்லை. வாங்குபவரின் வருமானத்துக்கு 80-ஐபிஏ வரம்பு எதுவும் வைக்கவில்லை. அதே திட்டத்தில் ஒருவரின் குடும்பத்துக்கு இரண்டாவது வீடு ஒதுக்கக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. மறுவிற்பனை பற்றியும் அது பேசவில்லை.

அமெரிக்காவில் வாடகை வீடுகளுக்காக 1986இல் தொடங்கிய வரிக்கழிவுத் திட்டம் வேறு வழியில் சென்றது. அங்கே வாடகை வட்டார வருமானத்தோடு பிணைக்கப்பட்டது. 1990 முதல் பெரும்பாலான புதிய திட்டங்கள் குறைந்தது 30 ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் வளரும் பகுதிகளில் வாடகை எகிறுவது அதன் தீராத குறை. ஆனாலும் அங்கே பொதுப்பணம் ஒரு தலைமுறைக் காலத்தையாவது வாங்குகிறது. நம் சலுகை வாங்கியது முதல் விற்பனையை மட்டுமே.

மேற்குப் புறநகரில் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ தடம். பட்டாபிராமில் 2024இல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா. பொதுப்பணம் நிலமதிப்பை உயர்த்துகிறது. அந்த உயர்வு நிலவுடைமையாளரின் கைக்குப் போகிறது. சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று 1955இல் காங்கிரஸ் தீர்மானம் இயற்றிய ஊர் ஆவடி என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

இதே புறநகரில் மாற்றுச் சான்றும் உண்டு. உலக வங்கிக் கடனுதவியோடு முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் பொதுநிலத்தை வெவ்வேறு அளவு மனைகளாகப் பிரித்துத் தந்தது. பெரிய மனைகளின் வருவாய் சிறிய மனைகளைத் தாங்கியது. சென்னை, மும்பையின் இத்தகைய மனைத் திட்டங்களை மீளாய்வு செய்து ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தோல்வி என்று ஒதுக்கப்பட்டவை பலதரப்பட்டவர் வாழும் செழிப்பான குடியிருப்புகளாக மாறியிருப்பதைக் காட்டியது. மலிவு அங்கே நிலத்திலிருந்து வந்தது.

மறுவிற்பனைக்குத் தடை போட்டால் ஏழையின் ஒரே சொத்தை முடக்குவதாகாதா என்ற எதிர்வாதம் வலுவானது. நான் அதை ஏற்கிறேன். ஆகவே கட்டுப்பாட்டைச் சொந்த வீட்டின் மேல் சுமத்தாமல், மெட்ரோ நிலையங்களை ஒட்டிய பொதுநிலத்தில் 30 ஆண்டு வாடகை வீடுகளுக்குச் சலுகையைத் திருப்ப வேண்டும். அறிவிக்கை செய்யப்பட்ட வாடகைக் குடியிருப்புகளை 2021இல் 80-ஐபிஏவுக்குள் சேர்த்தார்கள். மறு ஆண்டே வாயில் மூடியது. அந்த 45 லட்சம் மட்டும் ஜிஎஸ்டியில் உயிரோடு இருக்கிறது: கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 விழுக்காட்டுக்குப் பதில் 1 விழுக்காடு வரி என்பதை முடிவுசெய்வது இன்றும் அளவும் விலையுமே. வாங்குபவரின் வருமானச் சான்றை அந்த நிபந்தனைகளோடு சேர்ப்பதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.