அம்பாசடர் என்ஜினை இறக்கிய காலம்

வண்டி ஆயில் குடிக்கிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அம்பாசடர்காரருக்கு விஷயம் புரிந்துவிடும்: என்ஜினை இறக்கியாக வேண்டும். 1960களிலும் 70களிலும் அதற்காக யாரும் புதுக் காருக்கு மாறிவிட முடியாது. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்த காலம் அது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசடர், ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றைத் தாண்டி வாங்குவதற்கும் அதிகம் இல்லை. அதனால் இருக்கும் வண்டியையே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் தொழில் ஊருக்கு ஊர் செழித்தது.

அம்பாசடர் அதற்கு இடம்கொடுத்த கார். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாடலை வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. தொடக்கத்தில் இருந்த சைடு வால்வு என்ஜின் போய், விரைவிலேயே 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர்; அது தேய்ந்தால் குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் இருந்தன. நாற்பதையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம்.

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடமாட்டார். முதலில் வண்டியை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார். ஆயில் பிரஷர் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் சோதனை. ஒன்றில் குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டைக் கழற்றினால் போதும், முழு என்ஜினும் இறங்க வேண்டியதில்லை. கார்க்காரரின் செலவு பாதிக்குப் பாதி குறைவது இந்த இடத்தில்தான்.

இறக்குவது என்று முடிவானால், பிறகு வரிசை தப்பக்கூடாது. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். திறந்த என்ஜினுக்குள் விழும் மணல் புது பேரிங்கையும் தின்றுவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஆயிலைச் சூட்டோடு வடிக்க வேண்டும், அப்போதுதான் கசடும் சேர்ந்து வரும். ஹெட் நட்டுகளை மட்டும் என்ஜின் நன்றாக ஆறிய பிறகே, அதுவும் ஒரே பக்கமாக இல்லாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஹெட் வளைந்துவிடும்.

பானெட்டும் ரேடியேட்டரும் வெளியே வந்ததும் என்ஜினைத் தூக்க மூன்று இரும்புக் குழாய்களை நிறுத்திச் செயின் பிளாக் மாட்டுவார்கள். வசதியில்லாத ஷெட்டில் வலுவான மரக்கிளையே போதும்.

அடுத்தது அடையாளம் வைப்பது. கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. ஆகவே பிரிக்கும் முன்பே சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குத்திவிடுவார்கள். எட்டு வால்வுகளும் எட்டு புஷ் ராடுகளும் துளையிட்ட அட்டையில் வரிசையாகச் செருகப்படும். எடுபிடிப் பையன் தொழில் கற்கத் தொடங்கியது பெரும்பாலும் இந்த அட்டையில்தான். அதைக் கலைத்துவிட்டால் கிடைக்கும் திட்டும் பாடத்தில் சேர்த்தி.

பிளாக் லேத் பட்டறைக்குப் போகும். பிஸ்டனுக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதில் சென்னைக்குப் பங்குண்டு: செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. மற்ற உதிரிகளுக்குப் புதுப்பேட்டை இருந்தது. உடைத்த வண்டிகளின் பாகங்கள் அங்கே கடைகடையாகக் குவிந்து கிடந்தன. டீசல் மலிவு என்பதால் டாக்சிக்காரர்கள் பலர் பெட்ரோல் என்ஜினை அடியோடு எடுத்துவிட்டு டீசல் என்ஜினையே ஏற்றினார்கள். அப்படி மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் என்ஜின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. காத்திருப்பு குறைந்தது, கடன் எளிதானது, புதிய என்ஜின்கள் நீண்ட காலம் உழைத்தன. ஓவர்ஹாலுக்கு வரும் வண்டிகள் மெல்லக் குறைந்தன. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது.

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் முதல் நட்டைத் தொடும் முன் பிளாக்கில் உள்ள எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. அந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயமில்லாத பெட்ரோல்தான். எனவே ஹெட் பட்டறைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போடச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சீட் தேய்ந்து, அதே ஹெட்டை மறுபடி கழற்ற நேரிடும்.