கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1971 வரை, அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவைக்க உளவியலாளரின் சான்றிதழ் ஒன்று போதுமானதாக இருந்தது. கல்வியும் பயிற்சியும் ஏறாத பிள்ளை என்று அவர் எழுதிவிட்டால் பள்ளியின் கடமை தீர்ந்தது. மனவயது ஐந்தை எட்டாத பிள்ளையின் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் சட்டம் இடம் தந்தது. இதை எதிர்த்து அம்மாநிலப் பெற்றோர் தொடுத்த வழக்கு, பள்ளியில் இடம் வாங்கித் தந்த வழக்கு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. இடத்தைவிடப் பெரிய ஒன்றை அவர்கள் வென்றார்கள் என்று நான் கருதுகிறேன். பெற்றோரைக் கேட்காமலே பிள்ளையின் படிப்பை முடிவுசெய்யும் அதிகாரத்தை அவர்கள் முறித்தார்கள்.

அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கான மாநிலச் சங்கம் 1949-லும் தேசியச் சங்கம் 1950-லும் தோன்றின. நாவலாசிரியர் பேர்ல் பக் அறிவு வளர்ச்சி குன்றிய தன் மகளைப் பற்றி 1950-ல் வெளிப்படையாக எழுதியது, மறைத்து வாழ்ந்த பல குடும்பங்களுக்குத் துணிவு தந்தது. அரசு கைவிட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரே தேவாலயங்களில் இடம் கேட்டு வாங்கி வகுப்பு நடத்தினார்கள். போற்றத்தக்க உழைப்புதான், ஆனாலும் அரசின் கடமையைத் தர்மமாகத் தாங்களே சுமந்த உழைப்பு அது. இன்னொரு வழி பென்ஹர்ஸ்ட் போன்ற அரசு விடுதிகள். அங்கே பிள்ளைகள் கட்டிவைக்கப்பட்டுக் கிடந்ததை 1968-ல் ஃபிலடெல்ஃபியா தொலைக்காட்சி காட்டியது. மாநிலப் பெற்றோர் சங்கம் 1971 ஜனவரியில் நீதிமன்றம் ஏறியது. அதன் வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூலின் சொந்தத் தம்பியே பென்ஹர்ஸ்டில் இருந்தவர். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்காக 1954-ல் வென்ற பிரவுன் வழக்கின் நியாயத்தை அவர் இந்தப் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்தார். நிபுணர்கள் ஒரே நாள் சாட்சியம் சொன்னதும் மாநில அரசு சமரசத்துக்கு இறங்கி வந்தது. அந்த உடன்பாட்டின் உயிர்நாடி இதுதான்: பிள்ளையின் வகுப்பை மாற்றுமுன் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் மறுத்தால் நடுநிலை விசாரணை நடத்த வேண்டும். 1975 நவம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இதையே நாடு முழுவதற்கும் விரித்தது.

அறிவியல்தானே கதவைத் திறந்தது, பெற்றோர் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். எந்தப் பிள்ளையும் ஏதோ ஓரளவு கற்கும் என்று சாட்சி சொன்னவர்கள் நிபுணர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கதவை மூடிய சான்றிதழிலும் நிபுணரின் கையெழுத்தே இருந்தது. எந்த நிபுணரின் சொல் சபையேற வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் பெற்றோர். பணம் இல்லை என்ற வாதத்துக்கு 1972-ல் வாஷிங்டன் நகரில் நடந்த இதேபோன்ற வழக்கில் நீதிபதி வாடி பதில் சொன்னார்: நிதி போதாவிட்டால் அந்தக் குறை எல்லாப் பிள்ளைகள் மீதும் பரவட்டும், இவர்கள் மீது மட்டும் கூடுதலாக விழக் கூடாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. விசாரணை உரிமை, வழக்கறிஞர் வைக்க வசதியுள்ள பெற்றோருக்கே பயன்படுகிறது என்கிறார்கள். உண்மை. பள்ளியின் திட்டம் தவறென்று நிரூபிக்கும் பாரம் வழக்காடும் பெற்றோர் மீதே என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. வென்றாலும் நிபுணருக்குக் கொடுத்த கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று 2006-ல் சொன்னது. இரண்டும் ஏழைப் பெற்றோரின் கையைக் கட்டும் தீர்ப்புகள். அதற்காக உரிமையையே குறைத்தால் பழைய சான்றிதழ்தான் திரும்பி வரும். ஏழைத் தாய்க்கும் ஒரு வழக்கறிஞரையும் ஒரு நிபுணரையும் பொதுப்பணத்தில் தருவதே சரியான தீர்வு. ஆனால் அமெரிக்க அரசு, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-ல் ஏற்ற அளவைக்கூட இதுவரை ஓர் ஆண்டும் எட்டியதில்லை.