எல்லோரும் ஒரு டேவர்னில் சந்திக்கிறீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். கணப்பில் நெருப்பு, மூலையில் முக்காடு போட்ட ஓர் ஆள், ஒரே மேசையில் மந்திரவாதியும் குள்ளனும் திருடனும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த ஆட்டம் இது. முன்பின் தெரியாத நாலு பேரை அஞ்சு நிமிஷத்தில் ஒன்றுசேர்க்க வேண்டும். டேவர்ன் அதைச் சுலபமாகச் செய்துவிடுகிறது. வதந்தி, கூலிப்படை, படுக்கை எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஒரு கடையின் வேலையை மூன்று கடைகள் பகிர்ந்துகொண்டன. டேவர்னில் விற்றது ஒயின். காசுள்ள நகரவாசிகளின் இடம். இன் என்பது வழிப்போக்கருக்குப் படுக்கையும் குதிரைக்கு லாயமும் தந்த விடுதி. மூன்றாவது, ஏல்ஹவுஸ். பெரும்பாலும் சாதாரண வீடுதான். பார்லியில் காய்ச்சிய ஏல் சில நாளில் புளித்துவிடும் என்பதால், வீட்டுக்குப் போக மிச்சத்தை உடனே விற்றாக வேண்டும். காய்ச்சியவர்களில் நிறையப் பேர் பெண்கள். வாசலில் ஒரு கழியை நட்டால் சரக்கு தயார் என்று அர்த்தம். 1577-இல் அரசு எடுத்த கணக்கில், எண்ணப்பட்ட மாவட்டங்களில் மட்டும் ஏல்ஹவுஸ்கள் 14,000-க்கு மேல். இன்கள் சுமார் 1,600. டேவர்ன்கள் முந்நூற்றுச் சொச்சம்.

ஆக, நம் ஆட்டம் டேவர்னின் பெயரையும் இன்னின் மாடி அறைகளையும் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கையில் மிக அதிகமாக இருந்த ஏல்ஹவுஸும், அதில் அடுப்பருகே நின்ற பெண்ணும் காணாமல் போனார்கள். அவள் இடத்தில் கல்லாவில் நிற்பவர், குவளை துடைத்துக்கொண்டே இருக்கும் ஒரு தொந்திக்காரர்.

ஆனால் முன்பின் தெரியாதவருக்கும் இடம் உண்டு என்பது வெறும் கற்பனை இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, இடம் இருக்கும்போது தக்க காரணம் இல்லாமல் இன்காரர் பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாது. உள்ளே பொருள் திருட்டுப் போனால் அவரே பொறுப்பு. 1584-இன் கேலி வழக்கு இதை உறுதிப்படுத்தியது. எந்த ஊர், என்ன ஆள் என்று தெரியாதவரும் நிம்மதியாகத் தூங்க முடிந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' தொடங்குவதும் ஓர் இன்னில்தான். சதர்க்கில் இருந்த டாபர்டில் வீரனும் மாவு மில்காரனும் சமையல்காரனும் தற்செயலாகச் சேர்கிறார்கள். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு கதைப்போட்டி வைக்கிறார்: விதி அவருடையது, தீர்ப்பும் அவருடையது. ஜெயிப்பவருக்கு மற்றவர்கள் செலவில் சாப்பாடு, அதுவும் அவர் கடையிலேயே. தீர்ப்பை எதிர்த்தால் மொத்தப் பேரின் வழிச்செலவையும் ஏற்க வேண்டும். இன்றைய கேம் மாஸ்டருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் இல்லை.