லிஸ்ட்ல உங்க பேர் இருக்கா? - ஒரு குட்டி ஆங்கில வார்த்தையின் நீளமான கதை!

ப்ளேலிஸ்ட், விஷ்லிஸ்ட், மெரிட் லிஸ்ட், கெஸ்ட் லிஸ்ட், வெயிட்டிங் லிஸ்ட்... ஒரு நாளைக்கு எத்தனை லிஸ்ட்டைக் கடந்து போறோம்! 'பட்டியல்'னு நல்ல தமிழ் வார்த்தை இருந்தாலும், மளிகைக்கடைக்குக் கிளம்பும்போது 'லிஸ்ட் எடுத்துக்கிட்டியா?'ன்னுதான் வீட்டுல கேட்பாங்க. இவ்வளவு பழகிப்போன இந்த வார்த்தைக்கு, ஆரம்பத்தில் 'பட்டியல்'ங்கிற அர்த்தமே கிடையாதுன்னு சொன்னா நம்புவீங்களா?

கரையில் தொடங்கிய கதை

பழைய ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு ஓரம், விளிம்பு என்று அர்த்தம். குறிப்பாக, துணியின் கரை. நம்ம வேட்டிக்கும் சேலைக்கும் கரை இருக்குமே, அதேதான்.

கரை என்பது நீளமான, ஒல்லியான துண்டு. அதனால், நாளடைவில் எந்த நீளமான பட்டைக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சிலும் இதே வேரிலிருந்து வந்த ஒரு சொல் பட்டை, துண்டு என்ற அர்த்தத்தில் புழங்கியது. அங்கேதான் திருப்பம். பெயர்களையோ பொருள்களையோ ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத நீளமான காகிதத் துண்டுதானே வசதி? அந்தத் துண்டின் பெயரே, அதில் எழுதியதற்கும் பெயராகிவிட்டது. 1600-ம் ஆண்டு வாக்கில் இந்தப் புது அர்த்தம் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்திலேயே இதைப் பார்க்கலாம்.

ஆக, நீங்க போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிற ப்ளேலிஸ்ட்டுக்கு மூதாதை, ஒரு துணியின் கரை!

வேலிக்கு உள்ளே... வெளியே...

விளிம்பு என்ற பழைய அர்த்தமும் சும்மா இருக்கவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதும் போட்டிகள் நடக்கும். அந்தக் களத்தைச் சுற்றிப் போட்ட வேலிக்கும், பிறகு அந்தக் களத்துக்குமே 'லிஸ்ட்ஸ்' என்றுதான் பெயர். இன்றைக்கும் ஆங்கிலத்தில் ஒருத்தர் 'லிஸ்ட்ஸுக்குள் நுழைந்தார்' என்றால், சவாலை ஏற்றுக் களத்தில் இறங்கிவிட்டார் என்று பொருள். ராணுவத்தில் சேருவதைச் சொல்கிற 'என்லிஸ்ட்' என்ற வார்த்தை, பெயரைப் பட்டியலில் ஏற்றுவது என்ற அர்த்தத்தில் பிறந்தது.

பேர் ஒண்ணு, ஆள் வேற!

இதே எழுத்துகளோடு ஆங்கிலத்தில் இன்னும் சில 'லிஸ்ட்'கள் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் குடும்பம் வேறு.

* ஆசைப்படுதல் என்று ஒரு பழைய 'லிஸ்ட்'. இன்று தனியாகப் புழக்கத்தில் இல்லை. ஆனால், எதிலும் நாட்டமில்லாமல் சோர்ந்து கிடப்பதைச் சொல்லும் 'லிஸ்ட்லெஸ்' என்ற வார்த்தைக்குள் ஒளிந்திருக்கிறது. 'டு டூ லிஸ்ட் இல்லாதவர்' என்று அர்த்தம் பண்ணிக்காதீங்க!
* காது கொடுத்துக் கேட்பது இன்னொன்று. 'லிஸன்' என்ற வார்த்தையின் நெருங்கிய உறவு. பழைய கவிதைகளில் வரும்.
* கப்பல் ஒரு பக்கமாகச் சாய்வதும் 'லிஸ்ட்'தான். 2012-ல் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, ஆங்கிலச் செய்திகளில் இந்த வார்த்தை அடிபட்டது.

சரி, நம்ம லிஸ்ட்டுக்கே வருவோம். கரை, வேலி என்ற பழைய குணம் அதைவிட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு லிஸ்ட்டும் ஒரு கோடு போடுகிறது. சிலர் உள்ளே, சிலர் வெளியே. ஆன்லைனில் எடுத்த ரயில் டிக்கெட் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருக்க, சார்ட் தயாராகிவிட்டால் உங்களுக்கே அது புரியும். டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். பணம் திரும்பி வரும், பயணம் வராது!

பேர் இருந்தா ஆபத்து

சில லிஸ்ட்களில் பேர் வராமல் இருப்பதே நல்லது. 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, ஹாலிவுட்டில் யார் யார் கம்யூனிஸ்ட் என்று விசாரித்தது. பதில் சொல்ல மறுத்த 10 பேரில் ஒருவர் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ. சிறைக்கும் போனார். ஸ்டுடியோக்களின் 'பிளாக்லிஸ்ட்'டில் அவர் பெயர் ஏறியதால், சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை.

ஆனால், எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 'ரோமன் ஹாலிடே' (1953) படக் கதைக்கான ஆஸ்கர், அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பருக்குப் போனது. 'தி பிரேவ் ஒன்' (1956) படத்துக்கான ஆஸ்கர், 'ராபர்ட் ரிச்' என்ற அவருடைய புனைபெயருக்குப் போனது. 1960-ல் 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸோடஸ்' படங்களில்தான் அவர் பெயர் மறுபடி திரையில் வந்தது. 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கர் அவர் பெயருக்கு வந்தபோது ஆண்டு 1993. அவர் இறந்து 17 வருஷம் ஆகியிருந்தது.

பேர் இல்லைன்னா நஷ்டம்

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1951-52-ல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனார்கள். வட மாநிலங்களில் பல பெண்கள், வெளியாள்களிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதவைத்தார்கள். 'சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை' என்பதில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். விளைவு, சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வயது இருந்தது, உரிமை இருந்தது. லிஸ்ட்டில் பேர் இல்லை. அதனால் ஓட்டும் இல்லை.

விதி இன்றும் அதேதான். கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப்போட முடியாது. பெயர் இருந்து அட்டை இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப்போடலாம். அட்டையைவிட லிஸ்ட்தான் பெரிசு!

உங்களுக்கு 18 வயது முடிந்துவிட்டதா? புதிதாகப் பெயர் சேர்க்க, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிவம் 6-ஐ நிரப்புங்க. 17 வயது முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே சேர்த்திருந்தாலும், வீடு மாறியவர்கள் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்க.

ப்ளேலிஸ்ட்டில் ஒரு பாட்டு விட்டுப்போனால் நாளைக்குச் சேர்த்துக்கலாம். இந்த லிஸ்ட்டில் பேர் விட்டுப்போச்சுன்னா, தேர்தல் நாளன்னிக்குச் சேர்க்க முடியாது மக்களே!